பத்து நிமிடப் பாலம்

பாலம் உடைந்துவிட்டது என்று ஒரு குடிமகன் தன்னிச்சையாகச் சொல்லக் கூடாது. ‘உடைந்திருப்பதாகத் தெரியவருகிறது’ என்று அதற்குரிய அலுவலகம் எழுதும் வரை அது உடையவில்லை. இந்த நுணுக்கம் தெரியாத எங்கள் நடுக்கரை ஊர்க்காரர்கள், வெள்ளம் வந்து கால்வாய்ப் பாலத்தை அள்ளிக்கொண்டு போன மறுநாளே மனு எழுதிவிட்டார்கள். மனு ஒன்றரை வருஷம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. ‘உடைந்தமைக்கான காட்சிச் சான்று இணைக்கப்படவில்லை’ என்று அதன் தலையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

ஊர் இந்தக் கரையில். பள்ளிக்கூடம் அந்தக் கரையில். நடுவில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாய். பாலம் இருந்த இடத்தில் இரண்டு பனந்தடிகளைச் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறோம். என் மனைவி நஃபீஸத் அந்தப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். தினமும் முட்டை அட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பனந்தடி மேல் நடந்து போவாள், சாயங்காலம் அதே தடியில் திரும்பி வருவாள். ஒரு தடவை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்குத் தண்ணீர் முழங்கால் அளவு. பிசான நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்துவிட்டால் கழுத்தளவு வரும். அவளுக்கு நீந்தத் தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது அந்தத் தகுதியை யாரும் கேட்கவில்லை.

"பிசானத்துக்குத் தண்ணி தொறக்கதுக்குள்ள பாலம் வரணும்," என்றாள். "வரலைன்னா ஒண்ணு வேலைய விடணும், இல்ல கால்வாயோட போவணும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லத் தெரியாததால் நான் போனை எடுத்துக்கொண்டு போய், பாலம் இல்லாத இடத்தை நன்றாகப் படம் பிடித்து, பாளையங்கோட்டையில் உள்ள மாவட்டக் காட்சிச் சான்று அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் விஜயஸ்ரீ படத்தைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தார்.

"போன்ல எடுத்ததா பாய்?"

"ஆமா மேடம். தெளிவா இருக்கு, பாருங்க."

"அதான் சிக்கல். போன்ல எடுத்தத யாரும் அழிக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். அரசாணைப்படி ஒளிநாடாவுல, அதான் வீடியோ கேசட்டுல எடுத்து, ஒளிநாடாவுலயே தொகுத்து, பத்து நிமிஷத்துக்குக் கூடாம குறையாமத் தரணும். நாடாவுலதான் எதையும் அழிக்க முடியாது."

அரசாணைக்கு இருபத்தாறு வயது.

"நாடா இப்ப ஒலகத்துலயே யாருட்டயும் இல்லையே மேடம்."

"நம்மகிட்ட இருக்கு," என்றார், கொஞ்சம் பெருமையாக.

பதிவறையில் நாடா இயந்திரங்களும் நாடாக்களும் அடங்கிய பதினோரு பெட்டிகள் இருந்தன. வாங்கிய நாளிலிருந்து பிரிக்கவில்லை. இயக்குபவர் பணியிடத்துக்கு ஒப்புதல் வரவில்லையாம். சும்மா சொல்லக் கூடாது, மரியாதையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் சந்தனம், குங்குமம், காய்ந்த பூ. அந்த இயந்திரங்கள் இருபத்தைந்து ஆயுத பூஜைகளை வாங்கியிருந்தன. மின்சாரம் மட்டும் ஒரு தடவையும் வாங்கவில்லை.

"இத ஓட்டத் தெரிஞ்ச ஆளுதான் கிடைக்கல," என்றார் விஜயஸ்ரீ.

"எனக்குத் தெரியும்," என்று சொல்லித் தொலைத்தேன்.

என் பெயர் அலி அஸ்கர். இப்போது மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறேன். முன்பு மேலப்பாளையத்தில் வீடியோ கடை வைத்திருந்தேன். நாடாவில் நானூறு கல்யாணங்கள் தொகுத்திருக்கிறேன். அந்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதற்கும் என் தொகுப்புக்கும் சம்பந்தம் இல்லை.

உதவி இயக்குநர் தில்லைநாயகம் என்னைப் பார்க்க விரும்பினார். பேச்சு வழக்கு என்று ஒன்று தமிழில் இருப்பதை அலுவலக நேரத்தில் அங்கீகரிக்காதவர் அவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘தன்னார்வத் தற்காலிக நாடாத் தொகுப்பாளர்’ என்று நியமித்தார். பிரித்த பெட்டிகளிலிருந்து சந்தனத்தைத் துடைத்தது குறித்து ஒரு விளக்கமும் கேட்டார்.

நாடாத் தொகுப்பு பெரிய வித்தை இல்லை. ஒரு இயந்திரத்தில் எடுத்த படம் ஓடும், இன்னொன்றில் பதிவாகும். நடுவில் இரண்டையும் ஆட்டிவைக்கும் பொத்தான் பலகை. பார்க்க இரண்டு டி.வி. வேண்டிய துண்டை இதிலிருந்து அதில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் மேசையில் வந்தது. ஓட்டும் இயந்திரம் ‘அ’ பிரிவு மேசையில், பதியும் இயந்திரம் ‘ஆ’ பிரிவு மேசையில். இடையில் ஒரு முழம். ஒரு பிரிவின் வயர் இன்னொரு பிரிவுக்குள் நுழைய இரண்டு பிரிவுகளும் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு முழத்தை வயர் கடக்க நான்கே நாளில் அனுமதி வந்தது. கால்வாயைக் கடக்க நாங்கள் ஒன்றரை வருஷம் காத்திருந்ததை நினைத்துப் பொறாமையாக இருந்தது.

நாடாக்களில் பெரும்பாலானவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. பிழைத்தவை நான்கு. மூன்றைப் படமெடுக்க வைத்துக்கொண்டு, மிச்சம் ஒன்றைத் தொகுப்புக்கு ஒதுக்கினேன். அது சரியாகப் பத்து நிமிட நாடா.

தொகுப்பு தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. வெற்று நாடாவில் முதலிலிருந்து கடைசி வரை வெறும் கறுப்பைப் பதிய வேண்டும். அப்போதுதான் அதில் வினாடிக் கணக்கு விழும், பிறகு வேண்டிய இடத்தில் படத்தை உட்கார வைக்கலாம். பதிந்து முடித்து, "கறுப்பு அடிச்சாச்சு மேடம்," என்று விஜயஸ்ரீயிடம் சொன்னேன். அவர் கோப்பில் ‘பதிவு நிறைவுற்றது’ என்று எழுதிவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆய்வுக் கூட்டம். தில்லைநாயகமும் ஆறு பிரிவுத் தலைவர்களும் வரிசையாக உட்கார்ந்து பத்து நிமிடக் கறுப்பைப் பார்த்தார்கள். நான் குறுக்கிட வாயைத் திறந்தேன். ‘ஆய்வின்போது பேசக் கூடாது’ என்று விஜயஸ்ரீ கண்ணைக் காட்டினார். ஆறாவது நிமிடத்தில் தில்லைநாயகம், "இந்த இடம் சற்று நீளம்," என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

விளக்கைப் போட்டதும் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"தேவையற்ற காட்சிகள் இல்லை. அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் இல்லை. ஒலியும் அளவாக உள்ளது. இதையே அனுப்பலாம்."

"பாலம் தெரியலையே சார்," என்றார் விஜயஸ்ரீ பைய.

"இரவில் எடுக்கப்பட்டது என்று குறிப்பிடுங்கள்."

இது வெறும் அடித்தளம், படத்தை இனிமேல்தான் ஏற்ற வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. படம் எதற்கு என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். கறுப்பில் இருந்த நேர்த்தி பிறகு எந்தக் கட்டத்திலும் திரும்ப வரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அலுவலகக் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினேன். இடிந்த தூண்கள், தடி மேல் பையோடு தவழும் பிள்ளைகள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வாத்தியார், எல்லாம் எடுத்தேன். கடைசியில் நஃபீஸத். தலையில் முப்பது முட்டை அட்டை. நடுத்தடியில் நின்று, கீழே தண்ணீரைப் பார்த்து, அடுத்த காலைத் தூக்கலாமா என்று யோசிக்கிறாள். ஆறு வினாடி. தொகுத்து முடித்து ஓட்டிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. கல்யாணப் படம் எதிலும் எனக்கு அப்படி ஆனதில்லை.

தில்லைநாயகமும் பார்த்தார். "சிறப்பு. ஆனால் இதில் அரசு எங்கே?"

"பாலம் இல்லாததக் காட்டுத படம் சார் இது."

"பாலம் இல்லாத இடத்திலும் அரசு இருந்தாக வேண்டும். இயக்குநரின் வாழ்த்துரை ஒன்றரை நிமிடம் சேருங்கள்."

"சேத்தா அந்த எடத்துல இருக்கது போயிரும் சார். நாடாவுல நடுவுல செருக முடியாது. ஒண்ண வச்சா ஒண்ணு அழியும்."

"நாடாவில் எதையும் அழிக்க முடியாது என்று அரசாணை கூறுகிறது."

"அரசாணைக்கு இது தெரியாது சார்."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "அழியவில்லை. இடமாற்றம் செய்யப்படுகிறது."

"எங்கன சார் மாத்துதோம்?"

"அது நம் அலுவலக வரம்புக்கு அப்பாற்பட்டது."

அந்த நிமிடத்தில் அவருக்கு இயந்திரம் முழுசாகப் புரிந்துவிட்டது. நானூறு கல்யாணம் தொகுத்த எனக்குக்கூட அப்படிப் புரிந்ததில்லை. நாடா என்பது ஒரு அலுவலகம், வினாடி என்பது பணியிடம். அறுநூறு பணியிடங்கள் ஒப்பளிக்கப்பட்டுள்ளன, கூட்ட முடியாது. புதிதாக ஒருவர் வந்தால் பழையவர் போக வேண்டும். அதைவிட ஒன்று அவரை மிகவும் கவர்ந்தது. பதியுமுன் இரண்டு இயந்திரங்களும் ஐந்து வினாடி பின்னால் போய்விட்டுத்தான் முன்னால் ஓடி வரும். எந்த வேலையையும் தொடங்குமுன் பின்வாங்குகிற இயந்திரத்தை அவர் வாஞ்சையோடு பார்த்தார்.

"யாரை நீக்குவது என்பதற்கு முதுநிலைப் பட்டியல் வேண்டும்," என்றார். விஜயஸ்ரீ தயாரித்தார். முதலில் இயக்குநர், பிறகு இணை இயக்குநர், பிறகு துணை, உதவி, கண்காணிப்பாளர் என்று இறங்கி வந்தது. அடியில் ஓட்டுநர் வரை பதவி இருந்தது. பாலத்துக்கு மட்டும் பதவி இல்லை. பதவி இல்லாத ஒன்று இத்தனை வினாடிகளை எந்த அடிப்படையில் அனுபவித்து வருகிறது என்று கோப்பில் கேள்வி எழுந்தது. பாலத்தால் பதில் சொல்ல முடியவில்லை.

வாழ்த்துரை ஏறியது. இடிந்த தூண்கள் போயின. இணை இயக்குநர் வந்தார், வாத்தியார் கயிற்றோடு போனார். சம தகுதி உள்ள இரண்டு துணை இயக்குநர்களை ஒரே கரையில் எடுக்க விதி இல்லை என்பதால், ஒருவரை இந்தக் கரையிலும் இன்னொருவரை ஒன்பது கிலோமீட்டர் ஜீப்பில் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கரையிலும் நிறுத்தி எடுத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கை அசைத்தார்கள்.

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு ஆலோசனை வந்தது. இக்காலப் படங்களில் ரீல்ஸ் பாணியில் ஸ்லோ மோஷன் நடை இருக்கிறதாம், அரசும் காலத்தோடு நடக்க வேண்டுமாம். எங்கள் இயந்திரத்தில் ஸ்லோ மோஷன் இல்லை. ஆகவே அலுவலர்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, ஜீப்பிலிருந்து இறங்கிக் கேமராவை நோக்கி மெதுவாகவே நடந்து வந்தார்கள். அதற்கென்று அவர்களுக்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. நாற்பது வினாடி. பையோடு தவழ்ந்த பிள்ளைகள் அதில் போனார்கள்.

இதைக் கேட்டு நீங்கள் அலுவலகத்தைப் பழித்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரும் லேசுப்பட்டது இல்லை. வார்டு உறுப்பினர் மாடக்கண்ணு ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன பாய், நம்ம ஊருப் படம்ங்கியரு, நம்ம மூஞ்சி எங்கவே?"

"பாலத்துக்குன்னு எடுத்த படம் அண்ணாச்சி. மூஞ்சி எதுக்கு?"

"மூஞ்சி இல்லாமப் பாலம் யாருக்குவே? மேல இருக்கவனுக்கு ஆளத் தெரியாண்டாமா?"

அவருக்குப் பதினைந்து வினாடி. ஒரே கலர் சேலையில் வந்த மகளிர் குழுவுக்கு இருபது. பள்ளிவாசல் கமிட்டிக்குப் பன்னிரண்டு, அம்மன் கோயில் கொடைக் கமிட்டிக்குப் பன்னிரண்டு. மத நல்லிணக்கத்தை வினாடி பிசகாமல் கடைப்பிடித்த ஊர் மாவட்டத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். இளைஞர் மன்றத்துப் பையன்கள் கால்வாய் ஓரத்தில் பைக்கை ஒற்றைச் சக்கரத்தில் தூக்கிக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் என்னிடம் தனியாக வந்து, "பாலம் நெறய நேரம் வருது பாய், அதுல கொஞ்சம் கொறச்சுக்கிடும்," என்றுதான் சொன்னார்கள். நானும் குறைத்துக்கொண்டே வந்தேன்.

ஒரு ராத்திரி சோறு போடும்போது நஃபீஸத் கேட்டாள்.

"ஒங்க படத்துல பாலம் இருக்கா?"

"இருக்கு."

"எம்புட்டு?"

"ஆறு வினாடி. நீ முட்டையோட நிக்கது."

அவள் அகப்பையைச் சட்டியில் வைத்தாள். பிறகு, "அது போதும்," என்றாள். "நான் நிக்கதப் பாத்தா எந்த மனுசனுக்கும் வெளங்கும். அடுத்த வாரம் தண்ணி தொறக்கப்போறாவளாம். அந்த ஆறுல மட்டும் யாரையும் ஏத்திராதீங்க."

"ஆணையாச் சொல்லுதேன், ஒரு அதிகாரியையும் ஏத்த மாட்டேன்," என்றேன். அந்த வாக்கை நான் மீறவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசி நாள் பெயர்ப் பட்டியல் ஏற்றினோம். வழிகாட்டுதல், மேற்பார்வை, ஒருங்கிணைப்பு, ஒருங்கிணைப்பின் மேற்பார்வை என்று ஒன்றேகால் நிமிடம் ஓடியது. எல்லார் பெயரும் இருந்தது. ‘அ’ பிரிவும் ‘ஆ’ பிரிவும் மேசை உதவிக்காக இடம்பெற்றன. என் பெயர் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. தில்லைநாயகத்திடம் போய் நின்றேன்.

"உம் பெயரைச் சேர்ப்பதில் ஆட்சேபணை இல்லை," என்றார். "காலிப் பணியிடம் இருக்கிறதா, பாரும்."

தேடினேன். அலுவலர் வினாடியைத் தொட்டால் மெமோ வரும். ஊர்க்காரர் வினாடியைத் தொட்டால் கடைக்கு மிக்ஸி வராது. மனைவியின் வினாடியைத் தொட்டால் விஷயம் வீட்டோடு போய்விடும் என்று தோன்றியது. படத்தின் தலைப்பே ‘நடுக்கரைப் பாலம்: ஒரு பார்வை’ என்று இருக்கிறதே, பிறகு பாலத்தைத் தனியாக வேறு காட்ட வேண்டுமா என்றும் நினைத்தேன். நல்ல நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாள் அந்த அலுவலகத்தில் இருந்ததற்கு நான் வேறு எப்படி நினைக்க முடியும்?

ஒரு கறுப்பு அட்டையில் ‘படத்தொகுப்பு: அலி அஸ்கர்’ என்று வெள்ளைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கேமரா முன் வைத்து எடுத்தேன். பொத்தானை அமுக்கினேன். இயந்திரங்கள் இரண்டும் ஐந்து வினாடி பின்னால் போயின. நிறுத்துவதென்றால் அப்போது நிறுத்தியிருக்கலாம். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நடுத்தடியில் நின்றவள் போனாள், என் பெயர் வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து, அழகாகவே இருந்தது.

படத்தைப் பஞ்சாயத்து அலுவலக முற்றத்தில் போட்டார்கள். சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வந்திருந்தது. ஊரே திரண்டிருந்தது. ஒவ்வொரு முகம் வரும்போதும் அந்த முகத்துக்கு உரியவர் கை தட்டினார், உறவுக்காரர்கள் விசில் அடித்தார்கள். மாடக்கண்ணு தன் பதினைந்து வினாடிக்கு எழுந்து நின்றே கும்பிட்டார். பத்து நிமிடமும் ஒரு ஆள் கூட, பாலம் எங்கே என்று கேட்கவில்லை. பகலில் அந்தத் தடி மேல் நடந்து வந்தவர்கள்தான் எல்லாரும். பெண்கள் பக்கத்தில் நஃபீஸத் ஆடாமல் அசையாமல் கடைசிப் பெயர் வரை பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அரசாணை அந்த வாரமே வந்தது. எங்கள் வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஒரு தாள் வந்ததில்லை.

‘காட்சிச் சான்று கூர்ந்து ஆய்வு செய்யப்பட்டது. கால்வாயின் இரு கரைகளிலும் அலுவலர்களும் பொதுமக்களும் மகிழ்வுடன் காணப்படுகின்றனர். எனவே கரைகளுக்கிடையே போக்குவரத்து தடையின்றி நடைபெறுவது ஐயத்திற்கிடமின்றிப் புலனாகிறது. உடைந்த பாலம் எதுவும் படத்தில் தென்படவில்லை. ஆகவே புதிய பாலத்துக்கான தேவை எழவில்லை. படத்தொகுப்பு பாராட்டத்தக்கது.’

தேநீர்க் கடையில் வைத்து மாடக்கண்ணு சத்தமாக வாசித்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் அரசாங்கத்தை நன்றாகத் திட்டினோம். திட்டி முடித்ததும் மாடக்கண்ணு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பாய், அந்தப் படத்துல ஒரு காப்பி கிடைக்குமாவே? மகன் துபாய்ல இருந்து கேக்கான்," என்றார். பின்னால் மகளிர் குழுவும் வரிசையில் நின்றது. கடைசி வரியைப் பார்க்க நானும் தாளைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை வாசித்தேன்.

அன்று சாயங்காலம் பிசானத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தடிகளில் ஒன்று கட்டறுத்துக்கொண்டு போய்விட்டது. கயிற்றைப் பிடித்துக் கரையேறிய நஃபீஸத் நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்தாள். காலி முட்டை அட்டை கையில் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"நான் நின்ன எடத்துல ஒங்க பேரு நின்னுச்சு. பாத்தேன். நல்ல நீளமான பேருதான். நாளைக்கு வெள்ளன அதத் தூக்கிட்டு வந்து கால்வாய்க்குக் குறுக்கப் போடுங்க. அது மேல நடந்து போயிக்கிடுதேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். வெட்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் மனசு அடித்துக்கொண்டதெல்லாம், அவசரத்தில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போட விட்டுப்போச்சே என்றுதான்.